காட்டில் ஒன்று, பாறையில் ஒன்று

2009-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அருணாசலப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் இருவர் பறவைகளைத் தேடி மலையேறினார்கள். ஒருவர் ஸ்வீடன் நாட்டுப் பறவையியலாளர் பேர் ஆல்ஸ்ட்ரோம். மற்றவர் நம் நாட்டுக் கள ஆய்வாளர் ஷஷாங்க் தல்வி. ஊசியிலை மரங்களும் ரோடோடென்ட்ரான் புதர்களும் அடர்ந்த காட்டுக்குள்ளிருந்து ஒரு பூங்குருவி பாடியது. நீண்டு இழைந்த, தெளிவான, இனிய பாட்டு. காட்டைத் தாண்டி, மரமே முளைக்காத பாறைவெளிக்கு ஏறினால் அங்கேயும் ஒரு பூங்குருவி. அதன் பாட்டில் இனிமை இல்லை. மண்சட்டியைக் கரண்டியால் சுரண்டுவதுபோல் கரகரத்தது.

இரண்டும் ஒரே பறவை என்றுதான் அன்றைய புத்தகங்கள் எல்லாம் சொல்லின. ஆங்கிலத்தில் 'பிளெய்ன்-பேக்ட் த்ரஷ்', அறிவியல் பெயர் ஸூத்தெரா மொல்லிஸிமா. மைனாவைவிடச் சற்றுப் பெரியது. முதுகு முழுக்கக் கோடோ புள்ளியோ இல்லாத பழுப்பு. வயிற்றுப் பக்கம் வெளிறிய நிறத்தில் கருமையான பிறைகள், மீன் செதில்போல் வரிசை வரிசையாக. கண்ணைச் சுற்றி வெளிர் வளையம். சிறகை விரித்தால் அடியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. எட்வர்ட் பிளித் 1842-இல் இதற்குப் பெயரிட்டார். டார்ஜிலிங்கிலிருந்து வந்த பறவையைப் பார்த்து, கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகத்தில் இருந்தபடி அவர் செய்த வேலை அது. அதன்பின் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் பெரிய ஐயம் எழவில்லை.

ஒரே சிற்றினத்துக்குள் பாட்டு மாறுபடாதா என்று கேட்கலாம். மாறுபடும். பாடும் பறவைகளில் பல தம் பாட்டின் ஒரு பகுதியை மூத்த பறவைகளிடம் கேட்டுக் கற்கின்றன. அதனால் ஒரு பள்ளத்தாக்கின் பாட்டுக்கும் தொலைவிலுள்ள இன்னொரு பள்ளத்தாக்கின் பாட்டுக்கும் வட்டார வழக்குபோல் வேறுபாடு வரும். ஆனால் இங்கே தொலைவு இல்லை. காட்டின் விளிம்பில் நிற்பவர் இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் கேட்க முடியும். சுரண்டும் பாட்டு காட்டுக்குள் இறங்கவில்லை. இனிய பாட்டு பாறைக்கு ஏறவில்லை. நடுவில் இரண்டும் கலந்த பாட்டும் இல்லை. வட்டார வழக்கு இப்படிக் கோடு கிழித்தாற்போல் நிற்காது.

ஆண் பறவைக்குப் பாட்டு இரண்டு காரியங்களைச் செய்கிறது. இந்த இடம் என்னுடையது என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிறது. நான் உன் இனத்தவன் என்று பெண்ணுக்குச் சொல்கிறது. பெண் பறவைக்கு அந்தப் பாட்டு தன் இனத்தின் பாட்டாகத் தோன்றாவிட்டால் இணைசேர்க்கை நடக்காது. இரண்டு கூட்டங்கள் அருகருகே இனப்பெருக்கம் செய்தும் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தால், அவை இரண்டு சிற்றினங்கள் என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை. 1942-இல் எர்ன்ஸ்ட் மேயர் சிற்றினத்துக்குத் தந்த வரையறையின் உயிர்நாடியே இதுதான்: தமக்குள் இனம் பெருக்கி, பிறவற்றோடு கலவாமல் ஒதுங்கி நிற்கும் கூட்டம். அருணாசல மலைச்சரிவில் அந்தச் சோதனையை இயற்கையே நடத்தி வைத்திருந்தது. அதைக் காதால் கேட்க ஆள் வர வேண்டியிருந்தது.

பறவை ஆராய்ச்சியில் காதின் இடத்தை நாம் இன்னும் சரியாக மதிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பறவை பார்த்தல் என்று சொல்கிறோம், பைனாகுலர் வாங்குகிறோம், நிறத்தையும் வாலையும் குறித்துக்கொள்கிறோம். பறவைகளோ, அதிலும் அடர்ந்த காட்டின் நிழலில் வாழ்பவை, ஒன்றையொன்று பெரும்பாலும் குரலால் அறிகின்றன. ஆல்ஸ்ட்ரோம் தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இலைக்கதிர்க்குருவி வகைகளைக் குரலால் பிரித்தறிவதில் செலவிட்டவர். நடுச் சீனத்தின் மலைப்புதர்களில் மறைந்து வாழும் சிச்சுவான் புதர்க் கதிர்க்குருவியை 2015-இல் புதிய சிற்றினமாக விவரித்த குழுவிலும் அவர் இருந்தார். அந்தக் காது அருணாசலத்துக்கு வந்தது நமக்கு நல்லதாயிற்று.

இரண்டு பாட்டுகளும் ஏன் இவ்வளவு வேறுபட வேண்டும்? காட்டில் ஒலி மரங்களில் பட்டுப் பட்டுத் திரும்பும். வேகமாக அடுக்கி வரும் ஒலிகள் எதிரொலியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். நீண்ட, தூய சீழ்க்கை சிதையாமல் தொலைவு போகும். திறந்த வெளியில் எதிரொலித் தொல்லை குறைவு. அங்கே காற்றுதான் பகை. வேகமான, கரகரத்த, திரும்பத் திரும்ப வெட்டி வரும் ஒலிகள் அங்கே எடுபடும். காட்டுப் பறவைகளுக்கும் புல்வெளிப் பறவைகளுக்கும் இடையில் இப்படி ஒரு பொதுவான வேறுபாடு உண்டு என்று யூஜின் மார்ட்டன் 1975-இல் எழுதினார். அதற்கு விதிவிலக்குகளும் ஏராளம். நம் இரண்டு பூங்குருவிகளும் அந்த விளக்கத்துக்கு அழகாகப் பொருந்துகின்றன. பொருந்துவதாலேயே அது நிறுவப்பட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது.

பாட்டு வேறு என்பது ஐயத்தைக் கிளப்பும். ஒரு புதிய சிற்றினத்தை அறிவிக்க அது மட்டும் போதாது. உடலில் வேறுபாடு வேண்டும், மரபணுவில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் யாருக்குச் சொந்தம் என்ற சிக்கலைத் தீர்க்க வேண்டும். இந்த வேலைக்கு ஏழாண்டுகள் பிடித்தன. இந்தியா, சீனம், ஸ்வீடன், அமெரிக்கா, ரஷ்யா எனப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பமேலா ராஸ்முசன் நமக்குத் தெரிந்தவர். 1884-க்குப் பின் யாரும் காணாததால் அழிந்துவிட்டதோ என்று அஞ்சப்பட்ட காட்டுச் சிற்றாந்தையை 1997-இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் கண்ட குழுவில் இருந்தவர். அருங்காட்சியகங்களில் உறங்கும் பாடம் செய்த பறவைகளிடமிருந்து உண்மையைப் பிடுங்குவதில் அவருக்கு இணையானவர்கள் குறைவு.

இழுப்பறைகளில் பஞ்சடைத்துக் கிடந்த பழைய பறவைகளை எடுத்து அளந்தபோது வேறுபாடு தெரிந்தது. பாறைவெளிப் பறவைக்குக் காலும் சிறகும் வாலும் நீளம், அலகு குட்டை. காட்டுப் பறவைக்கு அலகு நீளம். காலும் சிறகும் வாலும் குட்டை. நிறத்திலும் காட்டுப் பறவை சற்றுச் செம்பழுப்பு கூடியது. பாறைக்கும் புல்லுக்கும் நடுவே ஓடி இரை தேடும் பறவைக்கு நீண்ட கால் வசதி என்றும், சருகும் பாசியும் மூடிய காட்டுத் தரையில் கிளறித் தின்னும் பறவைக்கு நீண்ட அலகு வசதி என்றும் எண்ண இடமுண்டு. இந்த வேறுபாடுகள் ஓரிரு பறவைகளில் மட்டும் தென்படவில்லை. திரும்பத் திரும்ப அதே முறையில் வந்தன. ஆனாலும் ஒரு தனிப் பறவையைக் கையில் கொடுத்து எது என்று கேட்டால், பழகிய கண்ணுக்கே நேரம் பிடிக்கும்.

இத்தனை காலம் இது தப்பியதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பாடம் செய்த பறவைக்குக் குரல் இல்லை. பூங்குருவிகள் குளிர்காலத்தில் கீழே இறங்கிவிடும்; அப்போது பாடுவதில்லை. காட்டுப் பறவையும் பாறைப் பறவையும் ஒரே தாழ்ந்த காட்டில் ஊமையாக மேயும் காலத்தில் பிடித்து, ஒரே சீட்டை ஒட்டி வைத்தால், அவற்றைப் பிரிக்க எந்தத் தடயமும் மிஞ்சாது. பாடும் பருவத்திலோ மலையின் உயரமும் பனியும் மழையும் ஆள்களை விரட்டிவிடும். காட்டுப் பறவை இனம் பெருக்கும் இடம் ஏறத்தாழ 3,400 மீட்டருக்கும் 4,200 மீட்டருக்கும் இடையில். பாறைப் பறவையின் இடம் அதே மலையில் மர எல்லைக்கு மேலே. ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த உயரம் புரியும்.

பெயர்ச் சிக்கலுக்கு வருவோம். விலங்குகளுக்குப் பெயரிடுவதில் முதலில் வைத்த பெயருக்கே உரிமை. ஒரே பறவை என்று நினைத்த காலத்தில் பிளித்தின் மொல்லிஸிமா தவிர வேறு சில பெயர்களும் வைக்கப்பட்டிருந்தன. நேபாளத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்து அங்குள்ள உயிரினங்களைப் பெருமளவில் சேகரித்த பிரையன் ஹாட்ஜ்சன் 1845-இல் ஒரியோசின்க்லா ராஸ்ட்ராட்டா என்று ஒரு பெயர் தந்திருந்தார். அவர் வைத்திருந்த பறவை காட்டுப் பறவையாக இருந்திருந்தால், அந்தப் பழைய பெயரே அதற்குப் போயிருக்கும். புதுப் பெயருக்கு இடமில்லை. ஆய்வுக்குழு அந்தப் பெயருக்கு உரியதாக நெடுங்காலம் கருதப்பட்டு வந்த பறவையை ஆராய்ந்தது. அது பாறைவெளிப் பறவை. அதையே அந்தப் பெயரின் அதிகாரபூர்வ அடையாளமாக அவர்கள் நிறுத்தினார்கள். காட்டுப் பறவைக்கு ஐயமின்றிப் பொருந்தும் பழைய பெயர் எதுவும் இல்லை என்பது அப்போது உறுதியாயிற்று. 1845-இல் ஒருவர் பெயரிட்ட பறவை 171 ஆண்டுகளுக்குப் பின் வந்த முடிவைத் தீர்மானித்தது என்பது அருங்காட்சியகங்களின் அருமையைக் காட்டுகிறது. பழைய தோலும் இறகும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பறவையைக் காட்டலாம்.

மரபணு சொன்ன செய்திதான் எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இரண்டும் உட்கருவிலிருந்து இரண்டுமாக நான்கு டிஎன்ஏ பகுதிகளை ஒப்பிட்டார்கள். இந்தக் கூட்டம் இரண்டாகப் பிரியவில்லை, நான்காகப் பிரிந்தது. ஒன்று பாறைவெளிப் பறவை. அது இமயத்திலிருந்து சிச்சுவான் வரை பரந்து வாழ்கிறது. இரண்டாவது கிழக்கு இமயத்திலும் யுன்னானின் வடமேற்கிலும் உள்ள காட்டுப் பறவை. மூன்றாவது சிச்சுவான் காடுகளில் வாழ்வது. நான்காவதைச் சேர்ந்தவை யுன்னானில் கிடைத்த, இனப்பெருக்கக் காலத்தைச் சேராத மூன்று பறவைகள் மட்டுமே. அவை முட்டையிடும் இடம் இந்த ஆய்வு வெளிவந்தபோது யாருக்கும் தெரியவில்லை. இந்த நான்கு கிளைகளும் பிரிந்து குறைந்தது சில மில்லியன் ஆண்டுகள் ஆகியிருக்கும். மனித இனம் தோன்றுவதற்கு மிக முந்திய காலம் அது.

நான்கில் எது எதற்கு நெருக்கம்? அருணாசலத்துக் காட்டுப் பறவைக்கு மிக நெருங்கிய உறவு, தலைக்கு மேலே அதே சரிவில் பாடும் பாறைப் பறவை அன்று. பல நூறு கிலோமீட்டர் தள்ளி, சிச்சுவான் காட்டில் வாழும் பறவைதான் அதன் உடன்பிறப்பு. யுன்னானின் மர்மப் பறவை பாறைப் பறவைக்கு உடன்பிறப்பு. காட்டில் வாழ்பவை இரண்டும் ஒரு பக்கம், மற்றவை மறு பக்கம். அருணாசலச் சரிவில் ஒரு பறவை மேலே ஏறிப் பாறைக்குப் பழகி வேறானது என்று எளிதாகக் கதை கட்டிவிட முடியாது. பிரிவு எங்கோ, எப்போதோ நடந்திருக்கிறது. இரண்டும் பின்னர் ஒரே மலையில் மாடிக்கொன்றாகக் குடியேறியிருக்கின்றன.

நீள்வால் பூங்குருவி என்று இவற்றுக்கு இன்னொரு நெருங்கிய உறவு உண்டு, ஸூத்தெரா டிக்ஸனி. சிறகில் இரண்டு வெளிர் பட்டைகள் தெரியும் பறவை. அதையும் ஒரு காலத்தில் மொல்லிஸிமாவின் ஒரு வகை என்றே வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே பகுதியில் கலவாமல் வாழ்வது தெரிந்த பிறகே பிரித்தார்கள். புதிதாகப் பிரித்த பறவைகளுக்கு இடையில் உள்ள மரபணு இடைவெளி, அவற்றுக்கும் நீள்வாலுக்கும் இடையில் உள்ள இடைவெளியின் அளவே இருந்தது. சிறகுப் பட்டை கண்ணில் பட்டதால் ஒன்றை முன்பே பிரித்துவிட்டோம்; வேறுபாடு பாட்டில் இருந்ததால் மற்றவற்றை விட்டுவிட்டோம்.

2016 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பாறைவெளிப் பறவை மொல்லிஸிமா என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் ஆல்பைன் த்ரஷ். காட்டுப் பறவைக்கு ஸூத்தெரா சலீமலீ என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் ஹிமாலயன் ஃபாரஸ்ட் த்ரஷ், நாம் இமயக் காட்டுப் பூங்குருவி எனலாம். டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதிகளில் இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளைப் பதிவு செய்தவர் சாலிம் அலி. கிழக்கு இமயத்தின் பறவைகளுக்கென்றே 1977-இல் ஒரு கையேடும் எழுதியவர். அவர் பெயர் கிழக்கு இமயத்துப் பறவை ஒன்றுக்குச் சேர்ந்தது முற்றிலும் பொருத்தம்.

சாலிம் அலியின் பெயரைத் தாங்கிய உயிர் ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். குட்டைமூக்குப் பழந்தின்னி என்ற சாதாரண வகையாக எண்ணப்பட்டு அது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்து, சிற்றினம் மட்டுமல்ல, பேரினமே புதிது என்று கண்டார். லாட்டிடென்ஸ் சலிமாலியை என்று பெயரிட்டார். தவறான சீட்டின் கீழ் இருந்த உயிரைப் பிறகு ஒருவர் அடையாளம் கண்ட கதை இரண்டிலும் ஒன்றே.

இமயத்துப் பூங்குருவிகளில் தீர்ப்புச் சொல்வது ஒருவகையில் எளிது. இரண்டும் ஒரே மலையில் வாழ்ந்து, கலக்காமல் காட்டிவிட்டன. நம் ஊரில் அந்த வசதி இல்லை. நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் நீலகிரிப் பூங்குருவி வாழ்கிறது. அதுவும் ஸூத்தெரா பேரினம். 1847-இல் அதற்குப் பெயரிட்டவரும் அதே பிளித். இலங்கையின் ஈரக் காடுகளில் வாழும் இதன் உறவுக்கு 1854-இல் எட்கர் லேயர்ட் பெயரிட்டார். முதுகிலும் செதில் கொண்ட இந்தப் பறவைகளை இமயத்துச் செதிற் பூங்குருவியின் துணைச் சிற்றினங்களாகவே நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். இன்று பல பட்டியல்கள் தனிச் சிற்றினங்களாகத் தருகின்றன. நீலகிரிப் பறவை இமயப் பறவையை எங்கும் சந்திப்பதில்லை. சந்தித்தால் கலக்குமா, ஒதுங்குமா என்று சோதிக்க வழியில்லை. அங்கே பாட்டையும் உடலையும் மரபணுவையும் வைத்து மனிதர்களாகிய நாம்தான் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் தரம் கையிலுள்ள சான்றின் தரத்தைப் பொறுத்தது.

காட்டுப் பூங்குருவியை அரிய பறவை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உரிய காட்டில் அது பரவலாகவே இருக்கிறது. உடனடி அழிவாபத்தும் இல்லை. அதனால்தான் இந்தக் கண்டுபிடிப்பு முக்கியமானது என்று கருதுகிறேன். அரிதான பறவை தப்பிப்போவதில் வியப்பில்லை. வழியோரம் பாடிக்கொண்டிருந்த பறவையே நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வேறொன்றின் பெயரில் இருந்திருக்கிறது. அருணாசலத்தின் அதே மேற்குப் பகுதியில்தான் புகுன் லியோசிச்லாவை ரமணா ஆத்ரேயா 2006-இல் புதிய பறவையாக அறிவித்தார். அந்த மலைகளில் சாலைகளும் அணைகளும் விரைந்து பெருகுகின்றன. ஒரு மலையில் எத்தனை சிற்றினங்கள் உள்ளன என்பதையே தவறாக எண்ணிக்கொண்டிருந்தால், எதை இழக்கிறோம் என்பதையும் தவறாகவே எண்ணுவோம்.

பறவை பார்க்கும் பழக்கமுள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கைபேசியில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. கொடைக்கானலிலோ குன்னூரிலோ சோலைக்குள் பூங்குருவி பாடினால், படம் கிடைக்கவில்லையே என்று வருந்தாமல் அதன் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலோ முடிவிலோ இடம், தேதி, உயரம், எப்படிப்பட்ட காடு என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கூடுகட்டும் காலத்தில் பறவையை வரவழைப்பதற்காகப் பதிவை ஒலிக்கவிட வேண்டாம். அது பறவையின் நேரத்தையும் வலுவையும் வீணாக்கும். ஈபேர்ட், ஸீனோ-கேன்டோ போன்ற தளங்களில் அந்தப் பதிவைச் சேர்த்தால் உலகின் எந்த மூலையில் உள்ள ஆய்வாளரும் கேட்க முடியும்.